ஃபாதருக்கு இரண்டு முட்டை

கல்யாணம் ஆகும் வரைக்கும் நான் முட்டையைக் கையால் தொட்டதில்லை. இதைச் சொன்னால் எங்கள் லயத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. இறைச்சி சாப்பிட்டதில்லை என்றால் தலையாட்டிவிடுவார்கள். முட்டையைத் தொடாமல் ஒருத்தி எப்படி வளர முடியும் என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீடு அப்படி. அப்பாவுக்குத் தெரணியகலை பஜாரில் பலசரக்குக் கடை. அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், சவர்க்காரம், சாம்பிராணி எல்லாம் இருக்கும். கருவாடும் முட்டையும் மட்டும் இருக்காது. இந்த ஊரில் கருவாடு விற்காமல் கடை நடத்துவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும், அது அப்பாவிடம் நிறைய உண்டு. யாராவது வந்து "பித்தர தியெனவாத?" என்று முட்டை இருக்கிறதா எனக் கேட்டால், அப்பா வாயைத் திறக்காமல் பக்கத்துக் கடையைக் கை காட்டுவார். அந்தக் கடைக்காரர் மேல்மாடி கட்டியதே நம் புண்ணியத்தில்தான் என்று அம்மா இன்றைக்கும் புலம்புவார்.

அந்த வீட்டிலிருந்துதான் பஜார் ஸ்டாண்டில் த்ரீவீலர் ஓட்டிய ஒருவரைக் காதலித்து, றப்பர் தோட்டத்து லயத்துக்கு, ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகளில் ஒன்றுக்கு, அதுவும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து சேர்ந்தேன். அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கழுத்து வலித்ததோ என்னவோ, தானாகவே இறக்கிவிட்டார். அவரவர் சாமியை அவரவர் கும்பிடுவது என்று எங்களுக்குள் பேச்சு. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. சிக்கல் வந்தது அடுப்படியில்.

மாமி றப்பர் பால் வெட்டுகிறவர். விடியும் முன்பே கத்தியும் வாளியுமாக மலை ஏறிவிடுவார். பேச்சு குறைவு, வேலை அதிகம். நான் வந்த முதல் நாளே புதுச் சட்டி, புது அகப்பை, பொரிக்கப் புதுத் தாச்சி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, "இது ஒன் சாமான் புள்ள. இதுல மீனு, முட்டை ஒண்ணும் படல" என்றார். அத்தோடு விடவில்லை. மீன் சமைக்கிற நாளில் கேஸ் அடுப்பைத் தொடாமல், வீட்டுக்குப் பின்னால் கல் அடுப்பு மூட்டி, மழை பெய்தால் ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக நின்று சமைத்தார். வேறு யாராவது என்றால் இப்படி ஒரு மாமி கிடைத்ததற்கு நேர்த்திக்கடன் வைத்திருப்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

ஏனென்றால் அது விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம். விருந்தாளி என்றால் என்றைக்காவது கிளம்ப வேண்டியவள்தானே. லயத்திலும் என்னைக் கடைக்கார வீட்டுப் புள்ள என்றுதான் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் எனக்கு வழி விட்டார்கள், உட்காரப் பலகை போட்டார்கள், என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். நான் இந்த வீட்டு ஆள் என்று யாராவது, அதிலும் மாமி, ஒரு தடவையாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு ஆசையே இல்லை.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை. டவுனிலிருந்து ஃபாதர் வருவார். பூசை முடிந்ததும் ஏதாவது ஒரு வீட்டில் அவருக்குக் காலைச் சாப்பாடு. வீடு வீடாக முறை வரும். என்ன கொடுப்பது என்பதிலும் மாற்றம் கிடையாது: பேக்கரிப் பாண், தேங்காய்ச் சம்பல், பருப்பு, வாழைப்பழம், பால் தேத்தண்ணீர், இரண்டு முட்டை. முட்டை புல்ஸ்ஐயாக இருக்க வேண்டும், அதாவது மஞ்சள் உடையாமல் பொரித்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஃபாதர் போடவில்லை. அவர் பாவம், வெறும் வயிற்றில் பூசை வைத்துவிட்டு வருகிறவர், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். ஆனால் லயத்துப் பெண்களுக்கு அது மான விஷயம். ஃபாதர் தட்டில் மஞ்சள் உடைந்துபோனால் அந்த வீட்டுக்காரி அடுத்த பூசை வரைக்கும் குழாயடியில் தலை நிமிர முடியாது.

எங்கள் முறை வருகிற மாதம் பார்த்து மாமி வழுக்கி விழுந்தார். ராத்திரி பெய்த மழையில் மலை நன்றாக ஊறியிருந்தது. நிறைந்த வாளியோடு இறங்கும்போது கால் பிசகிவிட்டது. வலது கை மணிக்கட்டில் முறிவு, பிளாஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழியெல்லாம் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கொட்டிப்போன பாலைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் கடைசி வீட்டு அக்கா சுகம் விசாரிக்க வந்தார். கோயில் காரியம் எதுவானாலும் முன்னுக்கு நிற்கிறவர், நல்ல மனுஷி. நல்ல மனுஷிகள் வாயிலிருந்துதான் சில பேச்சு நறுக்கென்று வரும்.

"அக்கா, இந்த வாட்டி ஃபாதர் சாப்பாட்ட நாங்க எடுத்துக்கிறோம். ஒங்களுக்குக் கையும் முடியல. இந்தப் புள்ள பாவம், முட்டையக் கண்ணாலகூட கண்டிருக்காது" என்றார்.

பாவம் என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. "ஏன், நாங்களே குடுக்கிறோம்" என்றேன்.

"நீ முட்டை பொரிப்பியா?"

"பொரிப்பேன்."

"மஞ்ச ஒடையாம?"

"ஒடையாம."

மாமி என்னைப் பார்த்தார். பிளாஸ்டர் போட்ட கையை மடியில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, "சரி, அதான் குடுக்கிறோம்னு சொல்லுதே" என்று மட்டும் சொன்னார். மாமியின் பெயரை அடகு வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் வீட்டுக்காரர் சவாரி முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்குப் பொரிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், முட்டையை எங்கே வாங்குவது என்ற பிரச்சினை வந்தது. பஜாரில் வாங்கினால் பக்கத்துக் கடைக்காரர் அன்றைக்கே அப்பா காதில் போட்டுவிடுவார். கடைசியில் றப்பர் ஸ்டோர் திருப்பத்தில் கோழி வளர்க்கிற சிங்கள அக்காவிடம் நானே போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஓயா பித்தர கனவாத?" என்றார். நான் முட்டை சாப்பிடுகிறேனா என்று கேட்கிறார், அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஃபாதருக்கு என்றதும் அன்றைக்கு இட்டதாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தார்.

முதல் முட்டை கையில் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே எதுவும் அசைகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். இதை இவ்வளவு நாள் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு எனக்குத் தெரிந்த முறையில் உடைத்தேன். எனக்குத் தெரிந்தது தேங்காய். அப்பா கடையில் தேங்காய் நல்லதா என்று உடைத்துக் காட்டச் சொல்கிறவர்களுக்கு நான்தான் உடைத்துக் காட்டுவேன், பஜாரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதே மாதிரி இடது உள்ளங்கையில் முட்டையை வைத்துக்கொண்டு, கத்தியின் முதுகால் நடுவில் சுற்றிச் சுற்றித் தட்டினேன். தண்ணீர் பிடிக்கக் கீழே ஒரு தம்ளரும் வைத்திருந்தேன். தம்ளருக்குள் கொஞ்சம் விழுந்தது. மிச்சமெல்லாம் முழங்கை வழியாக என் காலில் விழுந்தது. அவர் இரண்டாம் தடவையாகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

விளிம்பில் மெதுவாகத் தட்ட வேண்டும் என்று ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அது வந்ததும் வேறு வில்லங்கம். எண்ணெய் காய்ந்தால் கடுகு போடாமல் என் கை சும்மா இருக்காது. கடுகு வெடித்தால் கறிவேப்பிலை, கறிவேப்பிலைக்குப் பின்னால் பெருங்காயம். யோசித்துச் செய்வது இல்லை, கை தானாகப் போகும். அதன் மேல் முட்டையை ஊற்றி அவருக்கு வைத்தேன். ஒரு வாய் மென்று பார்த்து, "ரசத்துக்குள்ள முட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னொன்னு போடு" என்றார். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு நான் என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு வரை எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு முட்டைதான். முட்டையின் வாடை எனக்கு ஒத்துவரவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு பொரித்தேன். மஞ்சள் உடைந்தது, ஓரம் கருகியது, அடியில் பிடித்தது, ஒன்று தாச்சியிலிருந்து வழுக்கி நேராகக் குப்பை வாளிக்குள்ளேயே போனது. எல்லாவற்றையும் அவர் சாப்பிட்டார், ருசி பார்த்து உப்பு சொன்னார். ஸ்டாண்டில் தன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று ஒருநாள் முறையிட்டார். நான் இரக்கம் காட்டவில்லை.

நடுவில் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். அப்போதுதான் முட்டை எண்ணெயில் விழுந்து சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

"என்னடி சத்தம்?"

"மழைம்மா."

"இங்க மழையே இல்லையே."

"தோட்டத்துல மட்டும் பெய்யுது."

முன்வாசலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமி அங்கேதான் பிளாஸ்டர் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். நான் உடைத்தது, கருக்கியது, அவர் கதவைப் பிடித்துச் சிரித்தது எல்லாம் மாமிக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் ஒருநாள்கூட மாமி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் அது வந்தது. முட்டையை முதலில் ஒரு சாஸரில் உடைத்து வைத்துக்கொண்டு, தீயைக் குறைத்து, சாஸரை எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சரித்தேன். வெள்ளை பரவி, ஓரம் ஆப்பம் மாதிரி சுருண்டு பொன்னிறமானது. நடுவில் மஞ்சள் முழுசாக, பளபளவென்று நின்றது. தாச்சியைக் கொஞ்சம் ஆட்டினேன், மஞ்சளும் ஆடியது, உடையவில்லை. சாப்பிடாத பொருள் ஒன்று இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கு அடுத்தடுத்துப் பொரித்துக்கொண்டே இருந்தேன், அவர் சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயிறு விடிந்ததும் நிஜமான மழையே வந்தது. ஃபாதரின் கார் தோட்டத்துப் பாதையில் ஏறாது என்பதால் என் வீட்டுக்காரர் த்ரீவீலரில் போய்க் கூட்டிவந்தார். மாமி கை தொட்டிலோடு பூசைக்குப் போனார். நான் வீட்டில் இருந்து சம்பல் இடித்தேன், பருப்பு வைத்தேன், மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தேன். பூசை முடிந்து ஃபாதர் வந்தபோது கூடவே சாமியாருக்குப் படிக்கிற ஒரு பிரதரும் வந்தார். ஆக, முட்டை இரண்டு நாலானது. கடைசி வீட்டு அக்கா உதவிக்கு என்று வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நாலையும் பொரித்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அக்கா மெதுவாக "அட" என்றார். அந்த நேரம் என் தலை கூரையில் இடிக்காதது ஆச்சரியம்.

ஆனால் ஒரு காரியத்தை நான் செய்யவில்லை, ருசி பார்க்கவில்லை. தினமும் உப்பு சொல்கிற ஆள் ஃபாதரோடு முன் அறையில் இருந்தார். அதைவிட, எங்கள் வீட்டில் சாமிக்குப் படைப்பதை முதலில் வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. பொங்கலோ வடையோ, உப்பைக் கை அளவில் போட்டுவிட்டு அப்படியே கொண்டுபோய் வைப்போம். அன்றைக்கு ஃபாதருக்குச் செய்வதும் எனக்குப் படையல் மாதிரியேதான் இருந்தது. ருசி பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சாஸரில் உடைத்தபோது ஒரு தடவை உப்புப் போட்டேன். தாச்சியில் ஊற்றிய பிறகு, பதற்றத்தில், இன்னொரு தடவையும் போட்டிருக்கிறேன்.

ஃபாதர் செபம் சொல்லிவிட்டுப் பாணைப் பிய்த்து மஞ்சளில் தொட்டார். ஆசையோடு ஒரு வாய் வைத்தார். வாய் அசைவது மெல்ல மெல்லக் குறைந்தது. பிரதர் தண்ணீர்க் கிளாஸை எடுத்து முழுவதையும் குடித்தார். "நல்லா இருக்கும்மா" என்று ஃபாதர் சொல்லிவிட்டு, அவரும் கிளாஸைத் தேடினார்.

அக்கா தாச்சியையே முன் அறைக்குத் தூக்கி வந்து, அதில் ஒட்டியிருந்த ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். "கடல் உப்பு. புள்ள, நீ ருசி பாக்கலயா?"

"நான் முட்டை சாப்பிடுறதில்லக்கா."

"சாப்பிடாத கை பொரிச்சா வேற எப்பிடி இருக்கும்? இந்த வீட்டுக்கு வாழ வந்தாச்சு, இன்னும் என்ன? ஒரு வாய் சாப்பிட்டுப் பழகு" என்று சொல்லி, ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்துவிட்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஃபாதர் ஏதோ சொல்ல வாயெடுத்து இருமினார்.

கையில் அந்தத் துண்டு சூடாக, எண்ணெயாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டேன். ஆனால் அக்கா சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. ஒரு வாய்தானே. விழுங்கிவிட்டால் முடிந்தது, பிறகு யாரும் என்னைக் கடைக்கார வீட்டுப் புள்ள என்று சொல்ல முடியாது, மாமியும் மழையில் குடை பிடித்துச் சமைக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். மாமியின் இடது கை. வருஷக்கணக்காக வாளி தூக்கிய பிடி, அசைக்க முடியவில்லை. என் விரலிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

"உப்பு கூடத்தான்" என்றார். பிறகு ஃபாதர் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதீங்க ஃபாதர். தப்பு என் மேல. எங்க வீட்டுல முட்டை பொரிக்கிறது எம் மருமக, உப்பு பாக்குறது நானு. இன்னைக்கி நான் பூசைக்குப் போயிட்டேன், அதான்."

அப்படி ஒரு ஏற்பாடு எங்கள் வீட்டில் அந்த நிமிஷம் வரை இருந்ததில்லை. அவர் தன் தாயைப் புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். அக்கா விடவில்லை. "அப்ப இது முட்டை சாப்பிடவே சாப்பிடாதா?" என்றார்.

"அது எதுக்குச் சாப்பிடணும்? எங்க வீட்டுல அது சாப்பிடாது. நான் ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடுறேன்."

முதலில் சிரித்தது ஃபாதர்தான். பிறகு பிரதர், பிறகு அக்காவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப இன்னும் ரெண்டு பொரிங்க, பசி அப்படியே இருக்கு" என்று ஃபாதர் தட்டை நீட்டினார்.

நான் அடுப்படிக்கு வந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. துக்கம் ஒரு துளி கிடையாது, அத்தனையும் சந்தோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முட்டையை உடைத்தேன். பின்னால் காலடி கேட்டது. கை முறிந்த நாளிலிருந்து அந்தப் பக்கமே வராத மாமி வந்து, அடுப்புக்குப் பக்கத்தில், என் தோளில் தோள் இடிக்க நின்றுகொண்டார். நான் வெள்ளையின் ஓரத்தில் துளி பிய்த்து, ஊதி, நீட்டினேன். மாமி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"சரியா இருக்கு."

"மாமி, தப்பு என்னோடதுதானே. ஏன் ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"ஒரு அடுப்புல சமைக்கிற நமக்குள்ள என்ன ஒன்னோடது, என்னோடது. பேசாம கொண்டு போ, ஆறிரும்."